ஜீசஸ் கிரீனில் பீப்பாய்க்குப் பின்னால்

"என்னா திருவிழாம்மா அது? கோயில் திருவிழாவா?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டார்.

"இல்லம்மா, ஊர்த் திருவிழா. பெரிய திடல்ல கூடாரம் போட்டு நடத்துறாங்க. சீஸ் கடையில நிக்கப் போறேன். சம்பளம் இல்ல, தொண்டூழியம்."

"சீஸா? நல்லது, நல்லது. குளிருக்கு ஏதாச்சும் போட்டுக்கிட்டு நில்லு."

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன். பீர் என்ற வார்த்தை அது.

சுங்கைப்பட்டாணிக்கு அருகே ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என் அம்மா. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் என்னை ஓராண்டுப் பணிக்காக இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகருக்கு அனுப்பியிருந்தது. நான் குடியிருந்த தெருவில் செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும். முதல் நாள் பார்த்தபோது நம் தோட்டத்து லயம்தான் நினைவுக்கு வந்தது. மாடியும் புகைபோக்கியும் மட்டும் கூடுதல். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார். வயது எழுபது இருக்கும். எந்தக் கிழமையில் எந்த நிறக் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எனக்கு நாக்கு வரவில்லை. கடைசிவரை "ஹலோ" என்று மட்டும் கூப்பிட்டே சமாளித்துவிட்டேன்.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். மே மாதக் கடைசியில் ஒரு வாரம் மாலை நேரம் ஓய்வாக இருந்தால் பீர் விழாவுக்கு வந்து கை கொடுக்க முடியுமா என்றார். அவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே தொண்டூழியராக இருக்கிறாராம்.

"நான் குடிப்பதில்லையே" என்றேன்.

"அங்கே பெரிய சீஸ் கடை ஒன்று இருக்கிறது. அதில் நின்றுகொள்" என்றார்.

அப்படித்தான் அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் கிடைத்தது.

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கேம்பிரிட்ஜ் வந்துவிடும். சுற்றுலா வருபவர்கள் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தைப் பார்த்து, கேம் ஆற்றில் தட்டைப் படகு ஏறி, படம் பிடித்துக்கொண்டு மாலை ரயிலில் திரும்பிவிடுவார்கள். இன்னும் பத்து நிமிடம் வடக்கே நடந்தால் ஜீசஸ் கிரீன். பெயரைக் கேட்டுவிட்டு மதத் தலம் என்று நினைக்க வேண்டாம். அருகே இருக்கும் ஜீசஸ் கல்லூரியை ஒட்டிய பெயர். ஆற்றங்கரையில் பரந்த புல்வெளி, நடுவே இரு பக்கமும் உயர்ந்து நிற்கும் பிளேன் மரங்களின் சாலை, ஒரு மூலையில் 1923-இல் கட்டிய திறந்தவெளி நீச்சல் குளம். சாலையைக் கடந்தால் மிட்சம்மர் காமன் என்ற இன்னொரு திடல். அங்கே நகரத்தின் நடுவிலேயே மாடுகள் மேயும். முதல் முறை அந்த மாடுகளைப் பார்த்த அன்று படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். கேம்பிரிட்ஜில் அம்மாவுக்குப் பிடித்த ஒரே காட்சி இன்றுவரை அதுதான்.

இந்தத் திடலில்தான் ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் கேம்பிரிட்ஜ் பீர் விழா நடக்கிறது. 1974-இல் நகரின் பழைய தானியச் சந்தைக் கட்டடமான கார்ன் எக்ஸ்சேஞ்சில் தொடங்கிய விழா இது. விழாவை நடத்துவது எந்த பீர் கம்பெனியும் இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. கேம்ரா என்ற குடிப்பவர்களின் சங்கம்தான் நடத்துகிறது. ஆம், குடிப்பவர்களுக்கு ஒரு சங்கம்! பெரியவர் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

கதை இதுதான். 1960-களில் பிரிட்டனில் சிறு பீர் ஆலைகளைப் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக வாங்கி மூடின. வடிகட்டி, சூடுபடுத்தி, வாயு ஏற்றிய ஒரே சுவை பீர் நாடு முழுவதும் பரவியது. பழைய முறை பீரில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும். அது கெட்டுப்போகும், கவனிக்க ஆள் வேண்டும், லாபம் குறைவு. 1971-இல் இங்கிலாந்து இளைஞர்கள் நான்கு பேர் அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில் விடுமுறைக்குப் போன இடத்தில், ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து இதற்காக ஓர் இயக்கம் தொடங்கினார்கள். குடித்துக்கொண்டே தொடங்கிய இயக்கம் எத்தனை நாள் தாங்கும் என்று நினைப்போம். இன்று அதில் லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். நாடு முழுவதும் அவர்கள் நடத்தும் விழாக்களில் பீர் ஊற்றுபவரிலிருந்து குப்பை பொறுக்குபவர்வரை தொண்டூழியர்கள். சாப்பாடும் ஒரு டீசட்டையும் கிடைக்கும், சம்பளம் கிடையாது.

நான் சிறு வயதில் சுங்கைப்பட்டாணி தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றியிருக்கிறேன். இரண்டையும் ஒப்பிடக் கூடாதுதான், வாசகர்கள் மன்னிக்கவும். ஆனால் விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடாரத்துக்குள் நுழைந்தபோது எனக்கு அந்தப் பந்தல்தான் நினைவுக்கு வந்தது. கயிறு இழுப்பவர், மேசை தூக்குபவர், யாருக்கும் அடங்காமல் உரத்த குரலில் கட்டளை போடும் ஓர் அத்தை, எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கும் ஒரு நோட்டுப் புத்தகக்காரர். ஆட்கள் வெள்ளைக்காரர்கள், மற்றபடி நம் ஆட்களேதான்.

கூடாரத்துக்குள் நீளமான இரும்புத் தாங்கிகள். அவற்றின் மேல் வரிசை வரிசையாகப் பீப்பாய்கள். மரப் பீப்பாய் என்று கற்பனை செய்துகொண்டு போனேன். பெரும்பாலானவை துருப்பிடிக்காத எஃகு. ஒன்றின் பெயர் ஃபர்கின். 9 காலன், ஏறத்தாழ 41 லிட்டர், சரியாக 72 பைண்ட். அதைப் போல இரண்டு மடங்கு உள்ளது கில்டர்கின். நம் பாட்டிமார் படி, உழக்கு, ஆழாக்கு என்று அளந்ததைப் போல அவர்களும் அந்தப் பழைய அளவுகளை விடாமல் வைத்திருக்கிறார்கள். இருநூறுக்கு மேற்பட்ட வகை பீர் அந்த வாரம் அங்கே இருந்தது.

அன்று ஆள் பற்றாக்குறை. சீஸ் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. "வா, பீப்பாய் திறக்கக் கற்றுக்கொள்" என்று பெரியவர் ஒரு மரச்சுத்தியலைக் கையில் கொடுத்தார்.

பீப்பாயைப் படுக்க வைத்திருப்பார்கள். மேல் பக்கத்தில் ஒரு பெரிய தக்கை. அதன் நடுவே ஒரு சின்ன மர முளை. முதலில் மென்மையான மர முளையை அடித்து இறக்க வேண்டும். அந்த மரத்தின் துளைகள் வழியாக உள்ளே அடைபட்ட வாயு மெல்ல வெளியேறும். முளையைச் சுற்றி நுரை பொங்கிக்கொண்டே இருக்கும். அது அடங்கியதும் கடினமான முளையை மாற்றிப் போட்டுக் காற்றுப் போகாமல் அடைத்துவிடுவார்கள். பிறகு முன்பக்கத்தில் இருக்கும் சிறு அடைப்பில் குழாயை வைத்து ஒரே அடி. அடிக்குப் பயந்தால் குழாய் பாதியில் நிற்கும், பீர் பீறிட்டு அடிக்கும். நான் பயந்தேன். முகம், கண்ணாடி, முடி, புது டீசட்டை எல்லாம் பீர். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எல்லாருக்கும் ஒரு முறை இப்படி நடக்குமாம்.

குளித்து முடித்தும் அந்த வாசனை போகவில்லை. புளித்த மாவும் ஈர வைக்கோலும் கலந்தது போன்ற வாசனை. இது எங்கேயோ தெரிந்த வாசனையாக இருக்கிறதே என்று இரவெல்லாம் யோசித்தேன். விடியற்காலையில்தான் பிடிபட்டது. ஆறு ஏழு வயதில் பாட்டியோடு பழைய தோட்டத்துக்குப் போனபோது ஒரு பாழடைந்த கொட்டகையைக் கடந்தோம். உள்ளிருந்து இதே புளித்த வாசனை வந்தது. பாட்டி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்து வேகமாக இழுத்துக்கொண்டு போனார். அது கள்ளுக்கடை.

யோசித்துப் பார்த்தால் கள்ளும் உயிருள்ள பானம்தான். தென்னம்பாளையிலிருந்து இறங்கும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, மாலையில் புளிப்பு, மறுநாள் காடி. கேம்ரா காப்பாற்றப் போராடிய அந்தக் 'கெட்டுப்போகும்' குணம் கள்ளுக்கு இயல்பாகவே உண்டு. இங்கிலாந்தில் ஒரு பானத்தைக் காப்பாற்ற இயக்கம் நடந்தது. நம் கெடாவிலோ அதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு முன்பே, 1946, 47-இல், தோட்டத்து இளைஞர்கள் தொண்டர் படை என்று அமைத்துக்கொண்டு கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிப் போராடினார்கள். பீடோங் வட்டாரத்தில் போலீசோடு மோதல் வந்தது, கைதுகள் நடந்தன, உயிரும் போனது. பாட்டிக்கு அப்போது ஏழு வயது. கடை வாசலில் மறியல் செய்தவர்களுக்குத் தன் அம்மா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்ததைச் சொல்லுவார். கடை மூடவில்லை. பிற்காலத்தில் பாட்டி கட்டிக்கொண்டவரும் அதே கடைக்குப் போனார்.

திங்கட்கிழமை விழா தொடங்கியது. சீஸ் கடையில் ஆள் நிறைந்துவிட்டது, பீர் மேசையில் இரண்டு பேர் வரவில்லை. நோட்டுப் புத்தகக்காரர் என் பெயரை அடித்து வேறு பக்கத்தில் எழுதினார். மறுத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் பிடித்த பிறகு எனக்கே மறுக்க மனம் இல்லை என்பதுதான் உண்மை.

மதுவைப் பற்றி எதுவும் தெரியாத ஒருத்தி மது ஊற்றுவது எப்படி? கண்ணாடிக் குவளையில் மூன்று கோடுகள் இருக்கும்: ஒரு பைண்ட், அரை, மூன்றில் ஒரு பங்கு. பைண்ட் என்பது 568 மில்லி. நுரையைக் கணக்கில் சேர்க்காமல் கோடுவரை ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேலும் குவளை நீண்டிருப்பதால் நுரைக்கு இடம் உண்டு. அளவில் குறைத்து ஏமாற்றக் கூடாது என்பது இந்தச் சங்கத்தின் பழைய போராட்டங்களில் ஒன்றாம். பலர் மூன்றில் ஒரு பங்குதான் வாங்கினார்கள். வாங்கியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், முகர்வார்கள், சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்த குடி இப்படி இருக்கவில்லை.

"எது நன்றாக இருக்கும்?" என்று கேட்பவர்களிடம் என்ன சொல்வது? இரண்டாம் நாளில் ஒரு வழி கண்டுபிடித்தேன். குடித்தவர்கள் காலிக் குவளையோடு திரும்பி வரும்போது எப்படி இருந்தது என்று கேட்பேன். அதை அடுத்தவரிடம் சொல்வேன். "இதில் திராட்சைத்தோல் கசப்பு இருக்கிறதாம்." "இது ரொட்டிக் கருகல் போல இருக்கும் என்று இப்போதுதான் ஒருவர் சொன்னார்." மூன்றாம் நாள் என்னைத் தேடி வந்து யோசனை கேட்டார்கள். நிபுணர்கள் பலர் இப்படித்தான் உருவாகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வயது சரிபார்ப்பது அடுத்த வேலை. சட்டப்படி 18 வயது. ஆனால் 25-க்குக் குறைவாகத் தெரியும் யாரிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். தாடி வைத்த ஒருவரிடம் கேட்டுவிட்டேன். அவருக்கு வயது 34. என் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இன்னோர் இளைஞர் பலகையில் 'இந்தியா பேல் ஏல்' என்று எழுதியிருந்ததைக் காட்டி, "இது உங்கள் ஊர் பீர்தானே?" என்றார். நான் மலேசியாவில் பிறந்தவள் என்றேன். ஆனால் கேள்வி சும்மா விடவில்லை. பெரியவரிடம் கேட்டேன். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் லண்டன் கிழக்குப் பகுதியின் போ ஆலையிலிருந்தும், பின்னர் பர்ட்டன் நகரிலிருந்தும் இந்தியாவுக்கு ஏற்றுமதியான பீர் வகை இது. கம்பெனி அதிகாரிகளும் வெள்ளைக்கார வணிகர்களும் குடிக்கப் போனது. நம்மவர்களைக் கப்பலில் ஏற்றி மலாயாவுக்குக் கொண்டுவந்த அதே வல்லரசு, வெள்ளைக்காரனுக்கு பீரும் கூலிக்காரனுக்குக் கள்ளும் என்று பிரித்து வைத்திருந்தது. இதை அந்த இளைஞரிடம் சொல்லவில்லை. அவர் பாவம், அரை பைண்ட் கேட்டு வந்தவர்.

சைவ வாசகர்களுக்கு ஒரு தகவல். பழைய முறை பீர் தெளிவதற்காக மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஒன்றைச் சேர்ப்பார்கள். ஈஸ்ட்டை இழுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். அதனால் பல பீர்கள் கண்டிப்பாகச் சைவம் இல்லை. இப்போது அதைச் சேர்க்காமல் கலங்கலாகவே விடும் ஆலைகளும் இருக்கின்றன. திடலிலிருந்து பத்து நிமிட நடையில் டிரினிட்டி கல்லூரி. 1914-இல் அங்கே வந்த நம் கணிதமேதை ராமானுஜன் சைவம் மாறாமல் தன் அறையில் தானே சமைத்துச் சாப்பிட்டவர். இந்த ஊரில் ஒரு குவளையைத் தொடுவதற்கு முன் அவர் எத்தனை கேள்வி கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை நானும் ருசி பார்த்தேன். மறைக்க விரும்பவில்லை. திறந்த பீப்பாய் மூன்று நாளுக்கு மேல் தாங்காது. காற்றுப் பட்டால் காடியாகிவிடும். அதனால் மேசைக்காரர்கள் அவ்வப்போது ஒரு வாய் சுவைத்துப் பார்க்க வேண்டும். என் முறை வந்தபோது பெரியவர், "நான் பார்க்கிறேன், நீ விடு" என்றார். நான்தான் கையை நீட்டினேன். போர்ட்டர் என்ற கறுப்பு பீர். சர்க்கரை போடாத கோப்பி-ஓவின் அடி மண்டி போல இருந்தது. மோசம் என்று சொல்ல முடியாது. விழுங்கினேன். அன்றிரவு அம்மா கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கூட்டம் பொங்கி வழிந்தது. அலுவலகம் முடிந்து வந்தவர்கள், தேர்வு முடிந்த மாணவர்கள், குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்த ஓர் அப்பா. எல்லாரும் குறிப்பெழுதிக் குடிக்கும் கனவான்கள் என்று நான் எழுதினால் அது பொய். புல்லில் விழுந்து கிடந்தவர்களும் இருந்தார்கள், மரத்தடியில் வாந்தி எடுத்தவர்களும் இருந்தார்கள். யாராவது குவளையை உடைத்தால் கூடாரம் முழுக்க ஓவென்று கத்தும். கடைசி இரண்டு மணி நேரம் அந்தச் சத்தம் அடிக்கடி கேட்டது.

ஏழு மணிக்கு மேல் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தனி ஆள். கறுப்பு பீர், முழு பைண்ட். அரை மணியில் மறுபடி வந்தார். மூன்றாம் முறை வந்தபோது சில்லறையை எண்ண முடியாமல் மேசையில் அப்படியே கொட்டினார். ஒரு நாணயம் உருண்டு கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க முயன்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை நடுங்கியது.

எனக்குத் தாத்தாவைத் தெரியாது. நான் பிறக்கும் முன்பே, 46 வயதில் போய்விட்டார். முதலில் கள், பிறகு சம்சு. எனக்குத் தெரிந்ததெல்லாம் கூடத்தில் மாட்டிய ஒரு படமும், சம்பள நாளன்று மாலையில் பாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து லயத்துக்குப் போய்விடுவார் என்ற ஒரு வரிக் கதையும்தான். படத்தில் அவருக்கு நடுக்கம் இல்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்ததும் இதுதான் என்று தோன்றியது.

போதையில் இருப்பவருக்கு மது விற்பது பிரிட்டனில் சட்டப்படி குற்றம். 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டம் அப்படிச் சொல்கிறது, ஊற்றுகிறவர்தான் பொறுப்பு. பயிற்சியின்போது சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்லும்போது எளிதாகத்தான் இருந்தது. என் அப்பா வயதுடைய ஒருவரைப் பார்த்து "உங்களுக்குத் தர முடியாது" என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. பின்னால் வரிசை நீண்டது. கடைசியில், "இன்றைக்குப் போதும் சார். தண்ணீர் தரட்டுமா?" என்றேன்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. நீ யார் எனக்குச் சொல்ல, எந்த ஊரிலிருந்து வந்தாய் என்று குரல் உயர்ந்தது. எனக்குக் காது அடைத்தது. ஆனாலும் குழாயில் கை வைக்கவில்லை. பெரியவர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றார். அவரைத் தொடவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. பேருந்தில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ! கொஞ்ச நேரத்தில் இருவரும் வெளியே நடந்தார்கள். தண்ணீர்க் குவளையைப் பெரியவர் கையில் எடுத்துக்கொண்டு போனார். மேசையில் அந்தச் சில்லறை கிடந்தது. நான் அதை ஒரு தாளில் சுற்றி எடுத்து வைத்தேன். அவர் திரும்பி வரவில்லை.

அப்புறம் பத்து நிமிடம் என்னால் ஊற்ற முடியவில்லை. கூடாரத்துக்குப் பின்னால் காலிப் பீப்பாய்களின் மேல் உட்கார்ந்திருந்தேன். தோட்டத்துக் கள்ளுக்கடையில் தாத்தாவிடம் யாராவது ஒரு நாளாவது "இன்றைக்குப் போதும்" என்று சொல்லியிருப்பார்களா என்ற கேள்வி வந்தது. கடை தோட்டத்துக்குள்ளேயே. உழைத்த கூலி அன்றே அங்கே போய்ச் சேரும். யார் எதற்காகச் சொல்லப் போகிறார்கள்?

சனிக்கிழமை இரவோடு விழா முடிந்தது. கடைசி மணி நேரத்தில் பீப்பாய்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோக, பலகையில் பெயர்களை அடித்துக்கொண்டே வந்தோம். ஞாயிற்றுக்கிழமை தாங்கிகளைக் கழற்றினோம். கூடாரம் இருந்த இடத்தில் புல் வெளிறிப் படுத்துக் கிடந்தது. தொண்டூழியர்கள் வரிசையாக நின்று தரையைப் பார்த்தபடியே நடந்து, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்கள். மறுநாள் அங்கே பிள்ளைகள் பந்து விளையாட வருவார்களே என்றார் கட்டளை அத்தை.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பீர் என்ற வார்த்தையைச் சொன்னேன். ஒரு வாய் குடித்ததையும் சொன்னேன்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பிறகு அதை அணைத்துவிட்டார்.

"எனக்கு எட்டு வயசு இருக்கும்" என்றார். "கையில தூக்குவாளியைக் கொடுத்து, கடையில போய் வாங்கிட்டு வான்னு அனுப்புவாரு. சின்னப் புள்ளைன்னு அவன் யோசிக்கவே மாட்டான், ஊத்திக் கொடுத்துடுவான். வழியில சிந்திடக் கூடாதுன்னு ரெண்டு கையால புடிச்சிக்கிட்டு வருவேன். சிந்துனா அடி விழும். ஒருநாள் முழுசா கால்வாயில ஊத்திட்டேன். வேணும்னுதான் ஊத்தினேன்."

இதை அம்மா எனக்குச் சொன்னதே இல்லை. முப்பத்திரண்டு வருடமாக என்னிடம் சொல்லாத கதை. அப்புறம் என்ன ஆனது என்று கேட்டேன். பதில் வரவில்லை.

"நீ குடிச்சது தப்பு" என்றார் பிறகு. "அது தப்புதான். ஊத்திக் கொடுத்ததும் எனக்குப் பிடிக்கல." மறுபடியும் சற்று மௌனம். "அந்த ஆளு வீடு போய்ச் சேர்ந்தானா?"

"தெரியலம்மா. பக்கத்து வீட்டுத் தாத்தா பஸ் ஏத்தி விட்டதா சொன்னாரு."

"தாத்தாகிட்ட கேளு. எந்த பஸ்ஸுன்னு கேளு."

கேட்டேன். நான்காம் எண் பேருந்து என்றார் பெரியவர். ஓட்டுநர் தனக்குத் தெரிந்தவராம், நிறுத்தம் பார்த்து இறக்கிவிடச் சொன்னாராம். அம்மாவிடம் சொன்னேன். சரி என்று மட்டும் சொன்னார்.

ஓராண்டு முடிந்து ஊர் திரும்பியபோது விழாவின் சீஸ் கடையில் பார்த்துவைத்திருந்த ஸ்டில்டன் சீஸில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனேன். அம்மாவிடம் நான் முதலில் சொன்ன வாக்கியம் கொஞ்சமாவது உண்மையாகட்டும் என்ற எண்ணம்தான். நீலக் கோடு ஓடிய, மணம் மிகுந்த சீஸ். இரவு குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் பசியாறப் போனபோது காணவில்லை.

"பூசணம் புடிச்சிருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் அம்மா.